வாங்கி எறிந்த மூன்று மெயில்கள்

மெயில் சர்வர் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தக் கட்டளையை எங்கே எழுதுவது என்பதை என்னைவிட நன்றாகச் சொல்லித்தரும் ஆட்கள் உங்கள் அலுவலகத்திலேயே இருப்பார்கள். நான் ஓய்வுபெற்று நாலு வருடம் ஆகிறது. எனக்குத் தெரிந்த மென்பொருளில் பாதி இப்போது புழக்கத்திலேயே இல்லை. ஆகவே அதை விட்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு தப்பையும், அந்தத் தப்பைவிடக் கேவலமாக அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் நடந்துகொண்ட விதத்தையும் சொல்கிறேன்.

உங்கள் அலுவலகத்தார் உங்களுக்காக எழுதச் சொன்னபோது முதலில் வேறொரு சம்பவத்தைத்தான் எழுதினேன். மின்சாரம் ஏறி இறங்கி சர்வர் கருகிப்போன அன்று ஒரே பகலில் எல்லாவற்றையும் மீட்டெடுத்த கதை. அதில் நான் கெட்டிக்காரன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது கூச்சமாக இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களையெல்லாம் நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டேன். நாற்பது படுக்கைகள். கோட்டை ஏறப் போய் வெயிலில் மயங்கி விழுகிறவர்களிலிருந்து, வயலில் பாம்பு கடித்து வருகிறவர்கள் வரை எல்லோரும் அங்கேதான் வருவார்கள். மெயில் சர்வரை வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுக்காமல், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் நாங்களே வைத்திருந்தோம். அது என் யோசனை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருடம் குப்பை மெயில் தாங்க முடியாமல் போனது. பரிசு விழுந்திருக்கிறது என்பார்கள், மாத்திரை விற்பார்கள், ஆபாசப் படம் அனுப்புவார்கள். வருகிற சர்வரின் எண் முகவரியைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தடைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே இருப்பேன். இன்று பத்து சேர்த்தால் நாளை இருபது புதிதாக முளைக்கும்.

ஒரு நாள் காலை பெரிய டாக்டர், ஒரு நோயாளியின் எக்ஸ்ரேயைக் காட்டுவதற்காகத் தன் திரையை அந்தக் குடும்பத்தார் பக்கம் திருப்பினார். அவர்தான் மருத்துவமனையை ஆரம்பித்தவர், அறுவை சிகிச்சை செய்பவரும் அவரே. அந்த நேரம் பார்த்து ஒரு மெயில் படத்தோடு விரிந்தது. என்ன படம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னாய்யா வேலை பார்க்கற நீ? மனுசன் மானத்தோட இருக்க வேணாமா? நாளைக்குக் காலைல இந்தக் கண்றாவி ஒண்ணு கூட வரக் கூடாது. வந்துச்சின்னா உன் மெஷினத் தூக்கி ரோட்டுல வெச்சிடுவேன்."

நாளைக் காலை என்று கெடு வைத்துவிட்டார். முடியாது, ஒரு வாரம் கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மத்தியானம் உட்கார்ந்து இரண்டு முடிவுகள் எடுத்தேன்.

முதல் முடிவு இது. வந்த குப்பையில் முக்கால்வாசி, வாடகைக்கு சர்வர் விடும் ஒரே கம்பெனியின் முகவரிகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்று அந்தக் கம்பெனியின் முகவரி வரிசை முழுவதையும் ஒரே வரியில் தடுத்தேன். அந்த வரிசையில் பல்லாயிரம் சர்வர்கள். அதில் யார் யார் யோக்கியமாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.

இரண்டாவது முடிவுதான் மோசமானது. வேண்டாத மெயிலை இரண்டு விதமாகத் தடுக்கலாம். வாசலிலேயே "வாங்க மாட்டேன்" என்று திருப்பி அனுப்பினால், அனுப்பியவருக்கு அது போய்ச் சேரவில்லை என்று தெரிந்துவிடும். இல்லையென்றால், "வாங்கிக்கொண்டேன்" என்று அனுப்பியவருக்குப் பதில் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் எறிந்துவிடலாம். நான் இரண்டாவதைப் போட்டேன். திருப்பி அனுப்பினால் குப்பைக்காரன் வேறு வழியில் வருவான் என்று அப்போது எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. திருப்பி அனுப்பினால் யாராவது நல்லவர் ஒருவர் போன் செய்து "ஏன் வாங்க மாட்டேன் என்கிறீர்கள்" என்று கேட்பார். அது டாக்டர் காதுக்குப் போகும். எனக்குச் சத்தம் இல்லாமல் இருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஒரு குப்பை கூட வரவில்லை. கேன்டீனில் எல்லோர் எதிரிலும் டாக்டர் என் தோளில் தட்டி, "நம்ம ஆளு சாதிச்சுட்டான்யா" என்றார். ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

இனி பாஞ்சாலை. சிங்கவரத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குவதும் நாற்று நடுவதும் வேலை. மார்பில் ஒரு கட்டி என்று வந்தார். டாக்டர் அதிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து வெளியூர் லேப் ஒன்றுக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். இந்த மாதிரிப் பரிசோதனை எங்களுக்கு வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டுதான் வரும். ரிப்போர்ட் மெயிலில் வரும். அச்சிட்ட பிரதிகளை லேப்காரர்கள் சேர்த்து வைத்து ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கூரியரில் அனுப்புவார்கள். "பத்து நாள்ல வந்துடும்மா. ஏதாவது இருந்தா நாங்களே போன் பண்ணுவோம்" என்று டாக்டர் பாஞ்சாலையிடம் சொல்லி அனுப்பினார். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்புகிற பழக்கம் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை.

அந்த லேப் சமீபத்தில்தான் தன் மெயிலை வேறு சர்வருக்கு மாற்றியிருந்தது. எந்தக் கம்பெனியின் சர்வர் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் பாஞ்சாலை நேரில் வந்து கேட்டார். ரிப்போர்ட் கவுன்டரில் இருந்தவர் ஷகிலா. முப்பது வயது, ஏழு வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். ஒரு தாள் இடம் மாறியிருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு, லேபுக்குப் போன் செய்தார். அனுப்பிவிட்டோம் என்றார்கள். மறுபடியும் அனுப்பச் சொன்னார். அனுப்பினார்கள். வரவில்லை. என் அறைக்கு வந்தார்.

"சார், லேப்ல ரெண்டு தபா அனுப்பிட்டேன்றாங்க. எனக்கு வரவேயில்ல. சர்வர்ல கொஞ்சம் பாருங்களேன்."

"வரலன்னா அனுப்பலன்னு அர்த்தம், ஷகிலா. அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

லாக் என்கிற பதிவேட்டைத் திறந்து பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சர்வர் யாரிடமிருந்து எதை வாங்கியது, என்ன செய்தது என்று ஒவ்வொரு வரியாக அதில் இருக்கும். நான் திறக்கவில்லை.

நாலு நாள் கழித்து ஷகிலா மூன்றாவது தடவையும் அனுப்ப வைத்தார். அதுவும் வரவில்லை. இந்த முறை நான் கவுன்டர் பக்கம் போயிருந்தபோது கேட்டார். பக்கத்தில் ஹெட் நர்ஸ் நின்றிருந்தார், இரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"சார், உங்க சர்வர் வாங்கிக்கிச்சுன்னு அவங்ககிட்ட பதிவு இருக்குதாம். அடிச்சி சொல்றாங்க."

"சர்வர் வாங்கியிருந்தா உன் பெட்டிக்கு வந்திருக்கும். நீயே பார்க்காம அழிச்சிருப்ப. நல்லாத் தேடிப் பாரு."

சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அவர் முகம் எப்படிப் போனது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பாஞ்சாலை அதற்குப் பிறகு வரவில்லை. மல்லாட்டை பிடுங்குகிற நேரம் வந்துவிட்டது. ஏதாவது இருந்தால் டாக்டர் போன் செய்வார், செய்யவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

லேப் முதல் மெயில் அனுப்பி ஒன்றரை மாதம் ஆனபோது கூரியரில் அச்சுப் பிரதிகளின் கட்டு வந்தது. பாஞ்சாலைக்குப் புற்றுநோய்.

மறுநாள் டாக்டர் அறையில் எல்லோரும் கூடினோம். டாக்டர், ஹெட் நர்ஸ், டூட்டி டாக்டர்கள் இருவர், ஷகிலா, நான். லேப் அனுப்பிய தாள் மேசைமேல் கிடந்தது. மூன்று தேதிகள், மூன்று நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கள் சர்வர் "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று கொடுத்த பதில்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "சர்வர்ல ஏதாவது பிரச்னையா?"

அந்த நொடியில் எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் நான் எழுதிய தடை வரி நினைவுக்கு வந்துவிட்டது.

"சர்வர்ல ஒண்ணும் இல்ல சார்," என்றேன்.

ஹெட் நர்ஸ் சொன்னார்: "கம்ப்யூட்டர் சாரு அன்னைக்கே சொன்னாரு சார், இந்தப் பொண்ணே பார்க்காம அழிச்சிருக்கும்னு. நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

ஷகிலா என்னைத்தான் பார்த்தார். "நான் அழிக்கல சார். சத்தியமா அழிக்கல. நீங்க சொல்லுங்க சார்."

நான் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

கீழே போய் லாக்கைத் திறந்தேன். லேப்காரர்கள் கொடுத்த அதே மூன்று நேரங்களில் மூன்று வரிகள் இருந்தன. எங்கிருந்து வந்தது, யாருக்கு வந்தது, வாங்கியாயிற்று, எறிந்தாயிற்று. எறியச் சொன்னது என் விதி, என் கையால் எழுதிய ஒரே ஒரு வரி.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று வரிகளை அழித்துவிடலாமா என்று நான் யோசித்தேன். விரல் விசைப்பலகைமேல்தான் இருந்தது. அழிக்கவில்லை. ஆனால் அது நேர்மையால் இல்லை. எங்கள் சர்வர் எட்டு வாரத்துக்கு மேல் எந்தப் பதிவையும் வைத்துக்கொள்ளாது, தானாக அழித்துவிடும். முதல் மெயில் வந்து ஆறு வாரம் தாண்டியிருந்தது. நான் எதையும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். திருடுவதற்குத் துணிச்சல் இல்லாதவனுக்குச் சும்மா இருப்பது எவ்வளவு வசதியானது என்று அன்று கண்டுகொண்டேன்.

தடை வரியை மட்டும் ஓசையில்லாமல் முடக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்படியே ஒன்பது நாள். வீட்டில் சாப்பிட்டேன், வேலைக்கு வந்தேன், பிரிண்டர் சரி செய்தேன். ரிப்போர்ட் கவுன்டரில் மருந்தகத்துப் பெண் ஒருவரைத் தற்காலிகமாக உட்கார வைத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாகவே வந்து போனேன். தினமும் ஒரு காரணம் கிடைத்தது. டாக்டர் ஊரில் இல்லை. இன்று அறுவை சிகிச்சை இருக்கிறது. எப்படியும் ஷகிலாவை மறுபடி கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்கு ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள்தான்.

ஒன்பதாம் நாள் கவுன்டர் கம்ப்யூட்டர் நின்றுபோய் என்னைக் கூப்பிட்டார்கள். வேறு வழியில்லாமல் போனேன். மேசைக்கு அடியில் குனிந்து கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே ஒரு குரல் கேட்டது. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போவதற்காகப் பழைய தாள்களை வாங்க வந்திருந்த பாஞ்சாலை.

"இங்க ஒரு பாய் வூட்டுப் பொண்ணு இருக்குமே, அது எங்க?"

மருந்தகத்துப் பெண் தயங்கினார். "அவங்க இப்ப வர்றதில்லம்மா. உங்க ரிப்போர்ட்ட அவங்கதான்... மெயில அழிச்சிட்டாங்கன்னு..."

"யாரு, அதுவா? இன்னா பேசற நீ? நான் வந்து நிக்கும்போதே எனக்கோசரம் லேபுக்குப் போன் போட்டுச்சு. ஒக்கார வெச்சி தண்ணி குடுத்துச்சு. அது அழிக்குமா? வேற எவனோ செஞ்சிட்டு அது மேல போட்டிருக்கான்."

நான் மேசைக்கு அடியில் குனிந்தபடியே இருந்தேன். அவர் தாள்களை வாங்கிக்கொண்டு போகிறவரை வெளியே வரவில்லை. வெளியே வந்தபோது முட்டி வலித்தது.

கீழே போய் மூன்று வரிகளையும், நான் எழுதிய தடை வரியையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். முதல் வரி அழிவதற்கு இன்னும் நாலே நாள் இருந்தது. அவருக்கு விளக்கினேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தாளை இரண்டு தடவை படித்தார்.

"இத எப்பப் பார்த்த?"

இன்றைக்குத்தான் சார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒப்புக்கொள்ள வந்த இடத்திலும் பாதியை மறைக்கத் தோன்றுகிறது, பாருங்கள்.

"ஒம்போது நாள் ஆச்சு சார். விசாரிச்சீங்களே, அன்னைக்கே."

டாக்டர் தாளை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, "உன்ன அனுப்பறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது," என்றார். "அனுப்பிட்டா நீ சுளுவா தப்பிச்சிக்குவ. ரிப்போர்ட் வரலன்னா போன் பண்ணிக் கேட்டிருக்க வேண்டியவன் நான். நானும் மறந்துட்டேன். என் தப்ப நான் அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். உன்னுத நீ போய் சொல்லு. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போ."

ஷகிலாவின் தந்தை பீரோ பட்டறை வைத்திருந்தார். வீடு பட்டறைக்குப் பின்னால். என்னை உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன். ஷகிலா குறுக்கிடாமல் கேட்டார்.

"தப்பு செஞ்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல சார். எல்லாரும் செய்யறதுதான். ரெண்டு தபா உங்களக் கேட்டேன். பார்க்கறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு பார்க்காமயே வுட்டிருந்தாக்கூட பரவாயில்ல. நீ அழிச்சிருப்பன்னு சொன்னீங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சி சார். ஒருவேள நான்தான் அழிச்சிட்டனோன்னு இத்தினி நாளா நெனச்சி நெனச்சிப் பார்க்கறேன்."

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"என்ன அத்தினி பேரு முன்னாடி கேட்டாங்க. நீங்க இங்க எங்க அத்தா முன்னாடி மட்டும் சொல்றீங்க. அங்க வந்து சொல்லுங்க."

சொன்னேன். மறுநாள் காலை முன் கூடத்தில் நர்சுகள், டாக்டர்கள், துப்புரவு வேலை செய்கிறவர்கள், கேன்டீன்காரர் எல்லோரும் நின்றார்கள். ஷகிலாவும் வந்து ஓரமாக நின்றார். என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. முடிந்ததும் ஹெட் நர்ஸ் போய் ஷகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அவரைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார். ஷகிலா வரவில்லை. இரண்டு மாதம் கழித்துத் திண்டிவனத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் கவுன்டரில் அதற்குப் பிறகு யாரும் அவர் மாதிரி வேலை பார்க்கவில்லை.

அந்த ஒன்றரை மாதம் பாஞ்சாலையின் உடம்பில் என்ன செய்தது என்று டாக்டரிடம் பல தடவை கேட்டேன். "யாருக்குய்யா தெரியும்?" என்பார். முன்னாடியே பார்த்திருந்தால் சின்ன அறுவையோடு போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். பாண்டிச்சேரியில் மார்பு முழுவதையும் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போனது. தெரியாது என்கிற அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் இருக்கிறேன்.

வேலையில் என்ன மாற்றினேன் என்று கேட்பீர்கள். வாங்கி எறிகிற விதியை அதற்குப் பிறகு நான் ஒருபோதும் எழுதவில்லை. வேண்டாம் என்றால் வாசலிலேயே வேண்டாம் என்று சொன்னேன். ஒவ்வொரு தடை வரிக்கும் பக்கத்தில் ஏன், எப்போது, யார் போட்டது என்று எழுதி வைத்தேன். யார் வந்து "வரவில்லை" என்றாலும் வாயைத் திறப்பதற்கு முன் லாக்கைத் திறந்தேன். இதெல்லாம் உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் சொல்லித் தந்திருந்தார்கள்.

சிங்கவரத்துக்கு நான் உடனே போகவில்லை. அறுவை முடியட்டும், தேறட்டும் என்று தள்ளிப்போட்டு நாலு மாதம் கழித்துப் போனேன். பாஞ்சாலை வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் விதை மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் உட்காரச் சொன்னார். சர்வர், முகவரி, தடை என்றெல்லாம் ஆரம்பித்தேன். அவருக்குப் புரியவில்லை. என் வார்த்தைகளுக்குள் நான் ஒளிந்துகொள்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன்.

"உங்க ரிப்போர்ட் நேரத்துக்கு வந்துச்சும்மா. மூணு தடவ வந்துச்சு. நான்தான் வாங்கித் தூக்கி எறிஞ்சிட்டேன். அந்தப் பொண்ணு இல்ல."

கை நின்றது. "அதுல எம் பேரு போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சு."

"படிக்கலையா நீ?"

"யாரும் படிக்கலம்மா. எங்கிருந்து வருதுன்னு மட்டும் பார்த்து எறியச் சொல்லி மெஷினுக்குச் சொல்லி வெச்சிருந்தேன். அந்த எடத்துலேர்ந்து நெறைய குப்பை வந்துச்சு. அதனால..."

அவர் என்னை நன்றாக நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"எங்கேர்ந்து வந்தா உனுக்கு இன்னா சார்? யாருக்கு வந்துக்குதுன்னு பார்க்க வேணாமா?"

பிறகு முறத்தை இழுத்துக்கொண்டு மறுபடி பொறுக்க ஆரம்பித்தார். சொத்தைகளைத் தனியாகப் போட்டார். ஒவ்வொன்றையும் விரலில் எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். நான் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தேன்.